அரைகுறை வைத்தியம்

"ஏம்மா, உங்களுக்குப் பல்லு வேணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க!"

பல் டாக்டரம்மா கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் தட்டில் 'ணங்'கென்று போட்டார்.

நாற்காலியில் சாய்ந்திருந்த தையல்காரம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கீழ் ஈறு மறுபடியும் வீங்கி, தொட்டாலே ரத்தமும் சீழுமாக வந்தது. முன்பற்கள் இரண்டும் ஆடின.

"ஈறுக்கு அடி வரைக்கும் சுத்தம் பண்ணி விட்டேன். கிருமி சாக மாத்திரையும் எழுதிக் குடுத்தேன். முழுசா சாப்பிட்டீங்களா?"

தையல்காரம்மாவின் பார்வை கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

"பாதியில நிறுத்திட்டீங்க. போன தடவையும் இதே கதைதான்."

"வலி போயிடுச்சு டாக்டர். அதான்..."

"வலி போனா கிருமியும் போயிடுச்சுன்னு யாரு சொன்னா? அரைகுறையா அடிச்சு விட்டா அது முன்னைவிட முரண்டு பிடிக்கும். அப்புறம் எந்த மாத்திரைக்கும் கேட்காது. ரெண்டு பல்லையும் பிடுங்கிப் போட வேண்டியதுதான்!"

"நல்லாக் கேளுங்க டாக்டர்!"

கதவோரம் நின்றிருந்த அவள் கணவர்தான் கத்தினார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரையெல்லாம் திட்டிப் பழகிய வாய்.

"மாத்திரை போட்டியா, போட்டியான்னு தினம் கேட்கிறேன். போட்டேன், போட்டேன்னு தலையை ஆட்டுவா. அத்தனையும் பச்சைப் பொய்!"

"ஏங்க, கொஞ்சம் மெதுவா..."

"என்னடி மெதுவா? நாளைக்கு நூலைக் கடிக்கக்கூடப் பல்லு இருக்காது உனக்கு. பொக்கை வாயோட நீ நின்னா, பொண்டாட்டியக் கவனிக்கத் துப்பில்லாதவன்னு என்னைத்தான் சொல்லுவாங்க!"

அவள் கண் நிறைந்துவிட்டது. கழுத்தில் கட்டியிருந்த துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மாவுக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்காமல் பிறகு வந்து அழுகிறவர்களை எத்தனை பேரைத்தான் பார்ப்பது!

"அழுது என்ன பிரயோஜனம்? உங்க வீட்டுக்காரர் எவ்வளவு அக்கறையா இருக்கார். அவருக்காகவாவது ஒழுங்கா சாப்பிடக் கூடாதா?"

"செவிடன் காதுல ஊதின சங்குதான் டாக்டர். இவளுக்கெல்லாம் சொல்லிப் புரியாது."

"சரி சார், நீங்களும் வந்து உட்காருங்க. பேசும்போது உங்க ஈறும் சிவந்துதான் தெரியுது. ஒரு தடவை பார்த்துடறேன்."

அதுவரை சிங்கம் மாதிரி நின்றவர் ஓரடி பின்னால் போனார். கை கதவுப் பிடியைத் தேடியது.

"எனக்கா? ஐயையோ, வேண்டாம். இந்த மெஷின் சத்தம், ஊசி, இதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது."

"அவரை விட்டுடுங்க டாக்டர்." தையல்காரம்மா பதறி எழுந்தாள். "இனிமே நான் முழுசா சாப்பிட்டுடறேன். ஏங்க, வாங்க போகலாம்."

"இருடி!" அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்கும் ஈறு வீங்கும் டாக்டர், இல்லைன்னு சொல்லல. அதுக்காக இவள மாதிரி உங்ககிட்ட ஓடி வந்து உட்கார மாட்டேன். ரெண்டு வேளை மாத்திரை போட்டா வலி பறந்துடும்."

"அப்படியா? மாத்திரை யாரு எழுதிக் குடுக்கறா?"

"எழுதறதாவது! மருந்துக்கடைப் பக்கமே நான் போனதில்ல. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா போதும், இவளே கொண்டுவந்து நீட்டுவா. எப்பக் கேட்டாலும் இவகிட்ட நாலு மாத்திரை மீதி இருக்கும்!"