மாமாவின் வியாதிகள்

"சர்க்கரை இருக்கு. பிரஷர் இருக்கு. போன வருஷம் இதயத்துல அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வெச்சிருக்கு. முழங்கால் ரெண்டும் சரியில்லை."

மளிகைச் சாமான் சொல்வதுபோல மருமகள் மாமனாரின் வியாதிகளை அடுக்க, இன்ஷூரன்ஸ் ஏஜென்டின் பேனா திணறியது.

எதிர் சோபாவில் பெரியவர் நெளிந்தார். ரயிலில் கார்டாக இருந்தவர். அவர் விசில் ஊதினால்தான் வண்டியே நகரும். அப்பேர்ப்பட்டவரின் மானம் இப்போது கூடத்தில் ஏலம் போய்க்கொண்டிருந்தது.

மகன் வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டில் அவருக்கிருந்த குடியிருப்பு அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க மருத்துவக் காப்பீடு கட்டாயம். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவி போன பிறகு ஊரில் அவருக்காகக் காத்திருப்பது பூட்டிய வீடும் நாலைந்து பல்லிகளும்.

இவர் மூன்றாவது ஏஜென்ட். முதலாமவர் ஸ்டென்ட் என்றதுமே செருப்பைத் தேடினார். இரண்டாமவர், "இதையெல்லாம் எதுக்கு மேடம் சொல்றீங்க? நீங்க சொல்லலை, நான் கேட்கலை. மலிவாவே முடிச்சிடலாம்" என்று கண்ணடித்தார். அவரை மருமகளே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

மகனுக்கு அந்த இரண்டாமவரைத்தான் பிடித்திருந்தது. இப்போதும் மனைவியிடம் முணுமுணுத்தான்.

"எங்கப்பா குதிரை மாதிரி இருக்கார். எதுக்கு வீண் வம்பு? புதுப்பிக்க ஒரு இன்ஷூரன்ஸ் அட்டை வேணும், அவ்வளவுதானே?"

பெரியவரின் நெஞ்சு நிமிர்ந்தது. பெற்ற பிள்ளை பெற்ற பிள்ளைதான்!

"குதிரைக்கு யாரும் தினம் இன்சுலின் போடறதில்லைங்க" என்றாள் மருமகள்.

பெரியவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூங்காவில் கூட நடக்கும் நண்பர் அன்றே எச்சரித்தார்: 'போங்கன்னு வாயால சொல்ல மாட்டாங்க சார். போக வெச்சிடுவாங்க.' மருமகள் படித்தவள். பெட்டியை எடுத்து வெளியே வைப்பாளா என்ன? கம்பெனிக்காரன் வாயாலேயே 'முடியாது' என்று சொல்ல வைக்கிறாள்!

ஏஜென்ட் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனோடு பால்கனிக்குப் போனார்.

பெரியவர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "ஏம்மா, நான் பாரமா இருந்தா நேரா சொல்லிடேன். ஏன் இப்படிச் சுத்தி வளைக்கறே?"

மருமகள் திகைத்துப்போனாள்.

மகன் முந்திக்கொண்டான். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், மறைச்சிடலாம்னு!"

"மறைச்சா அட்டை கிடைக்கும்ங்க. நாளைக்கு மாமா மறுபடி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா? பழைய ரிப்போர்ட்டைத் தோண்டி எடுத்து, 'சொல்லவே இல்லையே'ன்னு கம்பெனி கையை விரிச்சிடும். அப்ப அந்த அட்டையை வெச்சு அவருக்கு விசிறி விடுவீங்களா?"



அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். "நீங்க இங்க இருந்தா மட்டும் போதாது மாமா. நல்லா இருக்கணும்."

பெரியவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பால்கனிக் கதவு படாரென்று திறந்தது. ஏஜென்டின் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது.

"ஒத்துக்கிட்டாங்க மேடம்! சொன்ன எல்லா வியாதிக்கும் உண்டு. இப்படி ஒளிக்காம சொன்னவங்களை எங்க மேனேஜர் பார்த்ததே இல்லையாம். பிரீமியம் மட்டும் கொஞ்சம் கூட."

"எவ்வளவு கூட?" என்றான் மகன் அவசரமாக.

"நீங்க புதுக் கார் வாங்கறதைத் தள்ளிப்போடற அளவுக்கு" என்றாள் மருமகள், சிரிக்காமல்.

ஏஜென்ட் பேனாவை எடுத்தார். "கையெழுத்துக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை கேட்டுடறேன். எதுவும் விட்டுப்போகலையே?"

"இல்லை, அவ்வளவுதான்" என்றாள் மருமகள்.

"இரும்மா, ஒண்ணை விட்டுட்டே!"

பெரியவர் எழுந்து நின்றார். இத்தனை வருஷமாகப் பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாமல் காத்து வந்த ரகசியத்தை, நெஞ்சை நிமிர்த்தி, பிளாட்பாரக் கோடி வரை கேட்கும் பழைய கார்டு குரலில் அறிவித்தார்:

"மூலமும் இருக்கு! எழுதிக்கோங்க தம்பி!"