விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர்

“மையத்தைப் பாத்துப் போற வேகத்துக்கு ரெண்டு பட்டியல்லயும் பிளஸ்தானேம்மா போட்டிருக்காங்க?”

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் கேட்டது இவ்வளவுதான். யுவராணி அவசரமாக இரண்டு பட்டியலையும் புரட்டிப் பார்த்தாள்.

ஒரு விண்மீன் பால்வெளியின் மையத்தை நோக்கி நகர்ந்தால் சிலர் பிளஸ் போடுவார்கள், சிலர் மைனஸ் போடுவார்கள். அவரவர் வழக்கம். அவள் அதைப் பார்க்காமல், வேறு வேறு ஆட்கள் தயாரித்த இரண்டு விண்மீன் பட்டியலையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்திருந்தாள்.

அக்கம்பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டால் சூரியன் மையத்தை நோக்கி விநாடிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் நகர்கிறது என்று உலகமே சொல்ல, அவள் கணக்கில் மட்டும் இரண்டு வந்தது இதனால்தான். அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி.

முதலிலிருந்து செய்துகொண்டு வரச் சொன்னார்கள். இன்னும் இரண்டு வருஷம். ஆவடியில் திங்கட்கிழமை சேர வேண்டிய விரிவுரையாளர் வேலை, பட்டம் இல்லாமல் கிடைக்காது.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஜெகதீசன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவரைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நல்ல மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில், மையத்திலிருந்து சூரியன் இருக்கும் தூரத்தைப் பலகையில் எழுதும்போது அவர் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டார். யுவராணி எழுந்து சொன்னாள். அரங்கமே சிரித்தது. அவளுக்கு முதலில் கைதட்டியவர் அவர்தான். வேறொருவராக இருந்தால் அன்றைக்கே துரத்தியிருப்பார்.

வெளியே வந்தார்கள். கம்பெனியில் பெருக்குகிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ‘எம்பொண்ணு டாக்டரு’ என்று நசரத்பேட்டைத் தெரு முழுக்கப் பீற்றிவிட்டு, லட்டு டப்பாவோடு வந்திருந்தாள் அம்மா ராஜம்மா. மகள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே ஜெகதீசனிடம் போனாள்.

“நீங்கதான் சார் எங்க கொலதெய்வம். மொதல்ல நீங்க எட்துக்கினாதான் மத்தவங்களுக்கு.”

அவர் ஒரு லட்டு எடுத்து நிதானமாகத் தின்றார். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து யுவராணியிடம் நீட்டினார்.

படித்துப் பார்க்கச் சொல்லி எப்போதோ அவள் கொடுத்த மூன்றாம் அத்தியாயம். ‘பிரமாதம்’ என்று வாயால் சொன்னாரே தவிர, தாளைத் திருப்பித் தரவே இல்லை.

திருத்துவதற்கு உதவும் என்றுதான் தருகிறார், பாவம், என்று புரட்டினாள்.

இரண்டாவது பட்டியலுக்குப் பக்கத்தில், அவருடைய அழகான கையெழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: ‘இங்கே பிளஸ், மைனஸ் தலைகீழ்.’

கீழே தேதியும் போட்டிருந்தார். கருத்தரங்குக்கு மறுநாள்.