பிக்ஹார்ன் ஏற்றத்தில் முதல் வண்டி

பிக்ஹார்ன் மலையின் கடைசி வளைவுக்குச் சற்று முன்னால், ஒரு பச்சை மோட்டார் சைக்கிள் டெல்மரை முந்திக்கொண்டு போனது.

அவருடைய வண்டி மாதிரியேதான் அது. அதே கம்பெனி, அதே மாடல். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஒரு பெண், இரண்டு பக்கமும் புடைத்த பெட்டிகள், மேலே கூடாரம் வேறு கட்டியிருந்தது. சிரமப்பட்டதாகவே தெரியவில்லை. ஒரு கையசைப்பு, அவ்வளவுதான்.

டெல்மர் ஒரு கியர் குறைத்து, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கினார். சத்தம் மலையில் மோதித் திரும்பியது. இடைவெளி மட்டும் குறையவில்லை.

இந்தக் கோடை முழுவதும் ஏற்றத்தில் யாரும் அவரை முந்தியதில்லை. இருபது வருஷமாக அவரோடு வண்டி ஓட்டும் வெண்டலும் ஆரினும் பின்கண்ணாடியில் இரண்டு புள்ளிகளாகத்தான் தெரிவார்கள். உச்சிக்கு வந்து சேர்ந்ததும் வெண்டல் தவறாமல் சொல்வார்: "மனுஷனாடா நீ? கிழவங்க ரெண்டு பேரு பின்னால வர்றோம்னு நெனப்பிருக்கா?"

போன வருஷம் நிலைமை வேறு. டெல்மருக்கு மூச்சு வாங்கியது. வளைவுகளில் கை நடுங்கியது. அவர் போய்ச் சேர்வதற்குள் மற்ற இருவரும் காபி குடித்து முடித்திருப்பார்கள். ஜனவரியில் நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே வெண்டலிடம் கேட்டார்.

"என் நெஞ்சைத் திறந்து சரி பண்ணிட்டாங்க. வண்டி நெஞ்சையும் திறந்து பெருசாக்கிக் குடுடா."

வெண்டலுக்கு வீட்டோடு சேர்ந்த பட்டறை. பெரிய சிலிண்டர், பெரிய பிஸ்டன், புது சைலன்சர். பனி உருகும் சமயத்தில் வண்டி வீடு வந்தது. கழற்றிய பழைய பிஸ்டன்கள் இரண்டையும் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். டெல்மர் அவற்றைக் கூடத்து அலமாரியில், பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவே வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

உச்சியில், பள்ளத்தாக்கைப் பார்த்த திடலில், பச்சை வண்டி நின்றிருந்தது. அதை ஓட்டிவந்த இளைஞன் வேலிக் கம்பியில் சாய்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். டெல்மர் வண்டியை அவன் பக்கத்திலேயே நிறுத்தினார். பின்னாலிருந்து அவர் மனைவி லோர்னா இறங்கி, மரத்துப்போன கால்களை உதறினாள்.

"பறக்குறியே தம்பி! எஞ்சின்ல என்னத்தப் போட்டிருக்க?" என்றார் டெல்மர்.

"ஒண்ணுமே போடலை சார். வாங்கினப்ப எப்படியோ அப்படியே இருக்கு." அவன் டெல்மரின் வண்டியைப் பார்த்தான். "உங்களுது சத்தம் அசத்துது."

டெல்மர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நெஞ்சுத் தழும்பு இழுத்தது. நண்பன் செய்த வேலையைக் குனிந்து பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது பார்த்தார்.

சிலிண்டரைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் இடுக்கில் ஆறு வருஷத்து மண் கல்லாய் இறுகிக் கிடந்தது. ஸ்பானர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. சைலன்சர் போல்ட்டுகள் மட்டும் பளபளத்தன.

வெண்டலும் ஆரினும் வந்து நின்றார்கள். குத்துக்காலிட்டிருந்தவரைப் பார்த்ததும் வெண்டல் இன்று எதுவும் சொல்லவில்லை.

"எஞ்சினைத் திறந்தியா, இல்லையா?" என்றார் டெல்மர்.

"சைலன்சரை மாத்தினேன்."

"நான் அதைக் கேக்கலை."

வெண்டல் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "வேகமே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உன்கிட்ட சொன்னா நீ கேப்பியா?"

"அப்ப என் வீட்ல இருக்கே, அது யாரு பிஸ்டன்?"

"எவனோடதோ. பழைய இரும்புல கெடந்துச்சு."

டெல்மர் ஆரின் பக்கம் திரும்பினார். ஆரினுக்குப் பொய் சொல்ல வராது.

"ஏத்தத்துல நீங்க ரெண்டு பேரும்?"

"மெதுவா வருவோம்டா. சில நாள் பாதி வழியில நிறுத்தி, தண்ணி குடிச்சிட்டு வருவோம்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தத் திடலில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க, இவர்களுக்காகக் காத்து நின்றதை டெல்மர் நினைத்துப் பார்த்தார். ஜெயித்தவன் மாதிரி நின்றதை. முகம் எரிந்தது. அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இனிமே என் பின்னால வராதீங்க" என்றார்.

"டெல்மர், டேய், கேளுடா..."

அவர் கேட்கவில்லை. வண்டியில் ஏறி அமர்ந்தார்.

"லோர்னா, ஏறு. நாம போகலாம்."

லோர்னா ஏறி உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அவர்களைத் திட்டவில்லை. இரண்டு கைகளையும் அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டு, முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

வண்டியைக் கிளப்பப்போன டெல்மரின் கை அப்படியே நின்றது.

இந்தக் கோடையில் ஏற்றம் தொடங்கும்போதெல்லாம் அவள் அவர் இடுப்பைக் கிள்ளி அலறுவாள். "மெதுவா, டெல்! எனக்கு உசுரே போகுது!" அந்த அலறலைக் கேட்பதற்காகவே அவர் இன்னும் கொஞ்சம் முறுக்குவார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். பனியில், ஆலங்கட்டி மழையில், கால் வைக்க இடமில்லாத மலை விளிம்புகளில்.

இந்தக் கோடைக்கு முன்னால் ஒருநாள்கூட அவள் பயந்ததில்லை.