மூச்சு நின்ற செய்தி

நெஞ்சு ஆபரேஷன் முடிந்த தேவசகாயத்துக்கு, மாஸ்க் வழியாக ஒரு மிஷின் காற்று ஊதிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை நர்ஸ் மாஸ்க்கைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டினாள். மிஷினை நிறுத்த மறந்துவிட்டாள். அது கூவத் தொடங்கியது.

"ஏண்ணே கத்துறீங்க?" என்று கேட்டது மாஸ்க்.

"அவரு மூச்சு நின்னு போச்சுப்பா. என் பக்கம் ஒண்ணுகூட வரலையே."

இதுவரை அவர் மூக்கைத் தவிர எதையும் பார்த்திராத மாஸ்க், மெல்ல எட்டிப் பார்த்தது. தேவசகாயம் தலையணையை நெஞ்சோடு அணைத்து ஒருமுறை இருமினார். பிறகு சூடான காபியை ஊதி ஊதிக் குடித்தார்.

"அண்ணே, காபியை ஊதுறாரே."

"அதெப்படி? ஊதுற நான் இங்கதானே இருக்கேன்."

நர்ஸ் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

"நல்ல மனுஷன், பாவம்" என்றபடியே மிஷின் அடங்கியது.