தனுஷாவின் அம்மா போன இடம்

விண்வெளிக்குப் போன முதல் பெண்ணைப் பற்றிக் கம்சாயினி ரீச்சர் படிப்பித்து முடித்ததும், நான்காம் வகுப்புத் தனுஷா எழுந்து நின்றாள்.

"ரீச்சர், எங்கட அம்மாவும் வானத்துக்குத்தான் போயிருக்கா."

வகுப்பு சிரித்தது. கம்சாயினிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாங்கேணிக் கிராமத்தைச் சுனாமி அள்ளிப்போய் ஐந்து வருடம் கடந்துவிட்டது. சண்டை ஓய்ந்து இன்னும் ஒரு வருடமாகவில்லை. தாயில்லாப் பிள்ளைக்கு யாரோ இப்படிச் சொல்லி வளர்க்கிறார்கள். இந்த வயதிலும் உண்மையை மறைப்பது சரியல்ல என்று நினைத்து, பின்னேரம் அவளுடைய வீட்டுக்குப் போனாள்.

முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள்.

"நான் தனுஷாட ரீச்சர். அவளை வளர்க்கிறது நீங்களா?"

"வளர்க்கிறது என்ட அக்கா. நான் பெத்த தாய். மத்தியானம்தான் லீவில வந்தன். தகப்பன்தான் சுனாமியில போனது ரீச்சர்."

கம்சாயினி திகைத்தாள். "அப்ப, வானத்துக்குப் போனா எண்டு பிள்ளை சொன்னது?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குச் சண்டை நடந்த வன்னியில, மண்ணுக்குள்ள புதைச்ச மிதிவெடி எடுக்கிற வேலை. தலைக்கவசமும் பாரமான உடுப்புமா நான் நிக்கிற படத்தைப் பார்த்துட்டு, வானத்துக்கா போறீங்க எண்டு கேட்டாள். மிதிவெடி எண்டா புள்ள நித்திரை கொள்ளாள். ஓம், வானத்துக்குத்தான் எண்டுட்டன்."

தனுஷா அருகில் நிற்கிறாளா என்று கம்சாயினி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"நாளைக்கு அவளிட்டச் சொல்லப்போறீங்களா ரீச்சர்?"

"இல்ல. வேலை முழுக்க முடிச்சு வந்து நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் அவளைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்காம நான் பார்த்துக்கிறன்."