மணி கட்டிய பிறகு

நெல் கிடங்குப் பூனைக்கு ஒருவழியாக மணி கட்டியாயிற்று. யார் கட்டியது என்பது வேறு கதை. மணிச் சத்தம் கேட்டதும் ஓடினால் போதும் என்று எலிகள் நிம்மதியாக மூட்டை மூட்டையாய் மேய்ந்தன.

ஒரு நாள் ஒரு சுண்டெலி பெருச்சாளியிடம் ஓடி வந்தது.

"அண்ணே, அந்தப் பூனை இப்போ யாரையும் துரத்துறதே இல்லை. கிணத்தடியில தனியா நடந்து பழகுது. ஒரு காலைத் தூக்கினா, நான் ஒரு நெல்லைக் கொறிச்சு முடிச்ச பிறகுதான் கீழே வைக்குது. மணி லேசா ஆடினாலும், திரும்பிப் போய் முதல்லேர்ந்து நடக்குது."

"வயசாயிடுச்சுடா. மூட்டுவலியா இருக்கும்."

"முந்தாநாள் கிணத்தை ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள மணி ஏழு தடவை அடிச்சுது. நேத்து ஒரே தடவைதான்."

பெருச்சாளி விழுந்து விழுந்து சிரித்தது. "இப்போ மணி கேட்குதா?"

சுண்டெலி காதை விடைத்துக் கேட்டது. "இல்லைண்ணே."

"அப்புறம் என்னடா பயம்?"

சுண்டெலி ஓரடி பின்வாங்கியது. பெருச்சாளியின் முதுகுக்குப் பின்னால், நெல்லின் மேல், ஒரு கால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.