அடுத்த வீட்டு வெயில்

“துண்டுக்குள்ள என்னங்க?”

கருப்புசாமி அப்படியே நின்றுவிட்டார். ஒரு கால் ஜாஹிதா வீட்டுக்குள், ஒரு கால் வெளியே.

“ஒண்ணுமில்லீங் அம்மணி.”

“ஒண்ணுமில்லாததையா இப்படிப் பொத்திப் பிடிச்சிருக்கீங்க? காட்டுங்க.”

துண்டை விலக்கினார். தெர்மாமீட்டர்.

மோகனப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு, லீவில் ஃபேனுக்கடியில் படுத்துக்கிடக்காமல், சூலூரில் தறிக்காரர்கள் குடியிருக்கும் இந்த லைன் வீடுகளுக்கு வந்து அலைகிறாள். எதற்கு? வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை பெயிண்ட்டைத் தகரக் கூரைகளுக்கு அடித்துக் கொடுக்க.

அவளுடைய சுற்றுச்சூழல் குழுவிடம் இருப்பதோ பாதி வீடுகளுக்கான பெயிண்ட்தான். அதனால் வீட்டுக்கு ஒரு மீட்டர். மீட்டரின் முதுகில் வீட்டு நம்பர். கதவுகளில் நம்பர் கிடையாது என்பதால், அந்த முதுகு நம்பரைப் பார்த்துத்தான் சூட்டை எழுதிக்கொள்வார்கள். இன்றைக்கு மதியம் எந்த நம்பரில் சூடு அதிகமோ அந்த வீட்டுக்குப் பெயிண்ட். மற்றவர்களுக்கு அடுத்த வருஷம். அதுவும் கிடைத்தால்.

“ஏசி போட்டுக் குளுகுளுன்னு இருக்கறது ஒருத்தர். அவங்க வெளியே தள்ளுற சூட்டுல வேகறது இன்னொருத்தர். அதிகமா வேகறவங்களுக்கு முதல்ல செய்யறதுதான் காலநிலை நீதி” என்று குழுவின் தலைவர் கிருபாசங்கர் சார் கூட்டம் போட்டுச் சொன்னபோது, எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது இந்தக் கருப்புசாமிதான்.

நல்லாத்தான் தட்டினார்.

“ஜாஹிதாக்கா தண்ணி பிடிக்கப் போன நேரம் பார்த்து அவங்க மீட்டரை எடுத்துட்டு வாரீங்க. உங்க மீட்டர் எங்கீங்க?”

கருப்புசாமியின் கண் கதவுக்குப் பின்னால் போய் வந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். கதவோர ஆணியில் ஒரு மீட்டர் தொங்கியது. திருப்பினாள். ஆறு. ஜாஹிதா வீடு ஐந்து. கருப்புசாமி வீடு ஆறு.

“மாத்திப்போட்டீங்களா! ஏனுங்க, கைக்குழந்தை இருக்கிற ஊடுங்க இது. குழந்தைக்குக் கிடைக்கிற பெயிண்ட்ல கை வெக்கறதுக்கு உங்களுக்கே ஒரு மாதிரியா இல்லீங்களா?”

“மெதுவாப் பேசுங் கண்ணு. தொட்டில்ல தூங்கறான்.”

“குழந்தை மேல ரொம்பத்தான் அக்கறை!”

“இன்னிக்கு ஒரு நாள் கண்டுக்காம உட்ருங்க அம்மணி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“முடியாதுங்க. சார்கிட்டச் சொல்லத்தான் போறேன்.”

அப்போது இடுப்பில் குடத்தோடு ஜாஹிதா வந்துவிட்டாள்.

“என்னங்ண்ணா, எங்க ஊட்டு வாசல்ல மாநாடு?”

“அக்கா, இவரு...”

“சித்த இரு கண்ணு. ஈரம் காஞ்சு போச்சு, புள்ள முழிச்சுக்குவான்” என்று ஜாஹிதா உள்ளே ஓடினாள்.

மோகனப்பிரியா விடவில்லை. பின்னாலேயே போனாள்.

வீட்டுக்குள் குளிர்ச்சியாக இருந்தது.

தொட்டிலைச் சுற்றி நாலு பக்கமும் கொடி கட்டி, சேலைகள். ஜாஹிதா ஒவ்வொன்றாக உருவிக் குடத்துத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, மறுபடி விரித்தாள். தரையெல்லாம் ஈரம்.

“பகல்பூரா இப்படித்தானாக்கா?”

“வேற என்ன பண்ண? கொஞ்சம் காஞ்சாலும் உடம்பெல்லாம் வேர்க்குருவா வந்துருது இவனுக்கு. பைப்புக்கும் ஊட்டுக்கும் நடந்தே என் காலு தேஞ்சுபோச்சு.” சிரித்தாள். “உங்க பெயிண்ட் வரட்டும். அப்புறம் சேலையெல்லாம் நான் கட்டிக்கறேன். பாரு, கட்ட வேண்டியதெல்லாம் கொடியிலதான் கிடக்குது.”

கதவோரத்தில் ஆறாம் நம்பர் மீட்டர் தொங்கியது. மோகனப்பிரியா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தாள். ஐந்தாம் நம்பர் மீட்டரோடு கருப்புசாமி இன்னும் அங்கேயேதான் நின்றார். அதை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று அவர் வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அறைந்தது. தகரம் அப்படிக் காய்ந்திருந்தது. கீழே ஒரு பாய். நைட் ஷிஃப்ட் தறி ஓட்டிவிட்டு வருகிற மனுஷன் பகலில் இதில்தான் தூங்க வேண்டும்.

“உங்க மீட்டரே இங்க இருந்திருந்தா இன்னிக்கு உங்களுக்குத்தானே முதல் பெயிண்ட்?” குரல் இறங்கிவிட்டது அவளுக்கு.

“இருக்குமுங்க.”

“சார்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல? ஈரச்சேலையாலதான் அங்க சூடு தெரியலைன்னு?”

“சொன்னேனுங்க. மீட்டர் என்ன காட்டுதோ அதுதான், ஆளுக்கு ஒரு கதை கேட்டுட்டிருக்க முடியாதுன்னுட்டாரு.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போடாதீங்க. தெரிஞ்சா வேண்டாம்னுருவா. நான் ஒண்டிக்கட்டை, எங்கியாச்சும் மரத்தடியில படுத்துக்குவேன். தொட்டிலைத் தூக்கிட்டு அவ எங்கீங்க போவா?”

தெரு முனையிலிருந்து சாரின் குரல் வந்தது.

“மோகனா! ரீடிங் எடுக்க வாரேன். மீட்டரெல்லாம் அதது இடத்துல இருக்குதா?”

கருப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் ஐந்தாம் நம்பர் மீட்டரைக் கருப்புசாமி வீட்டுச் சுவரில், காலியாக இருந்த ஆணியில் மாட்டினாள்.

“எல்லாம் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்குதுங்க சார்!”